சான்றுப் பொருள் ஒன்று

வெயிலைக் கொண்டே உயிர்வாழ்ந்த ஊர் வெள்ளாங்கரை. கடல்நீரை உலர்த்தினால் உப்பு, மீனை உலர்த்தினால் கருவாடு என்று, உலர்த்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத அவ்வூரில், நனைந்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்குபவர், அந்த வெற்றிலையை மென்று துப்புவதற்குள் வேட்டியை எடுத்து உடுத்திக்கொள்ளலாம் என்று வெளியூர்ச் சம்பந்திகளிடம் பெருமை பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒன்பதாண்டுக் காலம் உலராதிருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது நீலக் கட்டம் போட்ட, முழுக்கை வைத்த, ஆண்கள் அணியும் ஒரு சட்டை. மகளிர் விரைவு நீதிமன்றத்தின் சொத்தறையில், 'சான்றுப் பொருள் 1' என்னும் அட்டை கட்டப்பட்டு, அது ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உப்பளத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்துகொண்டே உப்பு வாருவார்கள். அணியாவிட்டால், மேலிருந்து இறங்கும் வெயிலும் கீழிருந்து ஏறும் உப்பின் ஒளியும் சேர்ந்து தோலை உரித்துவிடும். ஆதலால் அவ்வூரில் தந்தையர் இறந்தால் வீடும் படகும் ஆண்மக்களைச் சேர, சட்டைகள் பெண்மக்களைச் சேரும். உப்பளத் தொழிலாளி சுடலைமுத்து இறந்தபோது அவர் விட்டுச்சென்றது அந்த ஒரு சட்டைதான். அதை அவருடைய ஒரே மகள் சந்தனமாரி, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு அணிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது.

மாசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், கங்காணி ஜெயபாண்டி மற்றப் பெண்களைத் தெற்குப் பாத்திக்கு அனுப்பிவிட்டு, சந்தனமாரியை மட்டும் மோட்டார் அறைக்கு அழைத்தான். அங்கே நடந்ததைச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அங்கிருந்து வெளியே ஓடியவள் உப்புநீர் வாய்க்காலில் விழுந்து எழுந்து, நனைந்த உடையோடு நான்கு கிலோமீட்டர் நடந்து, மகளிர் காவல் நிலையத்தின் படியேறியபோது, அத்தனை வெயிலிலும் அவளுடைய சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"கத்துனியா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"கத்துனேம்மா."

"யாரு கேட்டா?"

"மோட்டாரு ஓடிக்கிட்டு இருந்துச்சி."

"மோட்டார் சத்தத்துல ஒனக்கே கேட்டிருக்காதே. அப்புறம் கத்துனேன்னு எப்படிச் சொல்லுத?"

'பாதிக்கப்பட்டவர் விடையளிக்கவில்லை' என்று எழுதப்பட்டது.

அந்நிலையத்தின் ஏட்டு பாக்கியசீலி உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவர். நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தம்முடைய மாற்றுச் சேலையைக் கொடுத்துவிட்டு, அவள் கழற்றித் தந்த சட்டையைக் கையில் வாங்கியவுடன், அது உப்புநீரில் ஊறியிருப்பதை விரல்களால் உணர்ந்தார். உப்புநீரில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் போட்டால் விடிவதற்குள் இற்றுப்போகும் என்பது அவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். துணியைத் தொட்டால் கை தானாகவே குடத்தைத் தேடும்.

"ஒங்க அப்பா சட்டைன்னு சொல்லுத. இத்துப் போயிருமே, தாயி" என்று சொல்லிக்கொண்டே, லாரியில் வந்து நிலையத்துக்கு அளந்து விடப்பட்ட நல்ல தண்ணீரில் இரண்டு குடத்தைச் செலவழித்து, பாக்கியசீலி அச்சட்டையை அலசினார். இரண்டாவது குடம் தீர்ந்து, பிழிவதற்காகத் துணியை முறுக்கியபோதுதான், சாக்கடையில் சேறும் செம்மையுமாக ஓடிக்கொண்டிருந்தது என்ன என்பதும், தாம் செய்தது என்ன என்பதும் அவருக்கு ஒருசேர விளங்கின. முறுக்கிய கை முறுக்கியபடியே நின்றது. பிறகு அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். எவரிடமும் எதையும் சொல்லவில்லை.

சட்டை உலரவில்லை. அன்று உலரவில்லை, மறுநாள் உலரவில்லை, பக்கத்துக் கொடியில் காவலர்களின் சீருடைகள் ஏழு முறை நனைந்து ஏழு முறை உலர்ந்த பின்பும் அது உலரவில்லை. நிலையத்தில் இதற்காக வியந்தவர் எவருமிலர். 'துணி உலரவில்லை' என்று நாட்குறிப்பில் எழுதி, நெகிழிப் பையில் கட்டி, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வகம் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. 'ஈரமான பொருள் ஏற்கப்படாது. நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு அனுப்புக' என்ற குறிப்பு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. ஆய்வறிக்கை இன்றி வழக்கை நடத்த இயலாது என்றார் அரசு வழக்கறிஞர். துணி உலரும்வரை வாய்தா என்றது நீதிமன்றம். இவ்வாறு, விரைவு நீதிமன்றம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அக்கட்டடம், ஒரு சட்டை உலர்வதற்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

உலர்த்துவதில் தமக்கு மிஞ்சியவர் உலகில் இல்லை என்று நம்பிய ஊரார், தாமாகவே முன்வந்தனர். உப்பளத்து மூத்த பெண்கள் சட்டையைப் புதிய உப்பு அம்பாரத்துக்குள் புதைத்தார்கள். மாலையில் தோண்டியபோது அம்பாரம் கரைந்து குழியாகியிருக்க, சட்டை நனைந்தே இருந்தது. கருவாட்டுக்காரர்கள் அதைச் சூடேறிய மணலில் பரப்பிப் பார்த்தார்கள், மணல் குளிர்ந்தது. தேய்ப்புக்காரர் கரிப்பெட்டியை அதன்மேல் ஓட்டினார். உள்ளே கனன்ற கரி அவிந்துபோயிற்று. ஒவ்வொரு முயற்சியும் நீதிமன்ற அனுமதி பெற்று, காவலர் முன்னிலையில், முறைப்படி பதிவு செய்யப்பட்டது. இறுதியில் சொத்தறை எழுத்தர் நெல்லையப்பன், பதிவேடுகள் நனைகின்றன என்று முறையிட்டு, ஓர் ஈயப் பானையை வாங்கிச் சட்டையின் அடியில் வைத்தார்.

பானை நிரம்பிய நாளில்தான் அந்த நீரைத் தற்செயலாக ஒருவர் குடித்துப் பார்த்தார். அது நல்ல தண்ணீராக இருந்தது. எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் கரிக்கும் அவ்வூரில், எந்தச் சுனையிலும் கிடைக்காத சுவையோடு, இளநீரைப்போல அது தொண்டையில் இறங்கியது. முதலில் நீதிமன்றத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒரு செம்பு கேட்டார். பிறகு வழக்கறிஞர்கள் புட்டிகளோடு வந்தார்கள். அடுத்த கோடையில் சொத்தறைச் சன்னலுக்கு வெளியே குடங்கள் வரிசையில் நின்றன. வரிசையைக் காப்பதற்கு ஒரு காவலரும், எவருக்கு எத்தனை குடம் என்று தீர்ப்பதற்கு ஒரு குழுவும் ஏற்பட்டன. எத்தனை குடம் வைத்தாலும் சட்டை சொட்டியது. குழந்தைகளின் பற்களில் படிந்திருந்த பழுப்புக் கறை மறைந்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் தவிர வேறொன்றும் வளராத முற்றங்களில் மல்லிகை பூத்தது.

சந்தனமாரி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். அவளுடைய பெயரை எங்கும் எழுதவோ சொல்லவோ கூடாது என்பது சட்டம். ஆகையால் ஏடுகளில் அதன்மேல் கருமை பூசப்பட்டிருந்தது. நீதிமன்றச் சேவகரான டவாலி மட்டும் தாழ்வாரத்தின் இரு முனைகளுக்கும் கேட்கும்படி மும்முறை அப்பெயரைக் கூவுவார். குடத்து வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். எதிர்ப் பலகையில், பிணையில் வந்திருந்த ஜெயபாண்டி அமர்ந்து, அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பான்.

"ஒனக்குப் புண்ணியமாப் போகும், மாரி. ஒன்னாலதான எங்க வீட்டுல சோறு வெள்ளையா வேகுது" என்பாள் வரிசையில் நிற்கும் ஒருத்தி.

"அதுக்கென்ன, அவனையே கட்டிக்கிட்டு சமாதானமாப் போயிருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்பாள் அடுத்தவள்.

"சும்மா கெட, ஏட்டி! சமாதானமாப் போனா கேசு முடிஞ்சிரும். கேசு முடிஞ்சா தண்ணிக்கு ஒங்க மாமியாவா சொமப்பா?" என்பாள் மூன்றாமவள்.

வரிசை சிரிக்கும். சந்தனமாரி, கரிக்கும் கிணற்று நீரை வீட்டிலிருந்தே புட்டியில் கொண்டுவந்து குடிப்பாள். அவளை மணக்க முன்வந்தவர் எவருமில்லை. அவளால் கிடைத்த தண்ணீரைக் குடிக்காதவரும் எவருமில்லை. அவள் வேண்டியது ஒன்றே: கூண்டில் ஏறி, அன்று காலை தொடங்கி மாலைவரை நடந்ததை, நடந்த வரிசையில், ஒருமுறை முழுமையாகச் சொல்ல வேண்டும், சொன்னதை ஒருவர் நம்ப வேண்டும். காவல் நிலையத்தில் பாதியில் நிறுத்தினார்கள். மருத்துவர் படிவத்திலிருந்த கேள்விகளை மட்டும் கேட்டார். ஆகவே அவள் அதை நெஞ்சுக்குள்ளேயே, ஒரு சொல்லும் பிசகாதபடி, ஒன்பதாண்டுகளாகக் காத்துவந்தாள்.

வாய்தா முடிந்து அவள் வீடு திரும்பும்போதெல்லாம், அவளுடைய தாய் பேச்சித்தாய் வாசலுக்கு வந்து, "காஞ்சிட்டா, மாரி?" என்று கேட்பாள்.

"இல்லம்மா."

"வெயிலு பத்தாது. சித்திரை வரட்டும்."

ஆறு சித்திரைகள் அவ்வாறு வந்துபோயின. ஏழாம் ஆண்டு ஆவணியில் ஒரு வாய்தா முடிந்து அவள் திரும்பிய வீட்டில், அப்படிக் கேட்பதற்கு எவரும் இல்லை.

ஒன்பதாம் ஆண்டில் புதிதாக வந்த நீதிபதி, பொறுமையற்றவர் என்று பெயரெடுத்தவர். ஈரமானால் ஈரமாகவே இருக்கட்டும், விசாரணையைத் தொடங்குக என்று ஆணையிட்டார். கதவுகள் அடைக்கப்பட்டன; வழக்கோடு தொடர்புடையவர்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். சந்தனமாரி கூண்டில் ஏறினாள்.

"அன்னைக்கு வெள்ளன எந்திச்சி, அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு..." என்று அவள் தொடங்கினாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா. கேட்டதற்கு மட்டும் ஆம், இல்லை என்று சொல்" என்றார் நீதிபதி. அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் முன் இன்னும் நாற்பது வழக்குகள் இருந்தன.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு நாள்கள் குறுக்கு விசாரணை செய்தார். சட்டையைத் தம் கையாலேயே தூக்கிப் பிடித்து, அதன் நீர் அவளுடைய பாதங்களில் சொட்டச் சொட்டக் கேட்டார்.

"நீ போராடினாய் என்றால், இதில் ஒரு பொத்தானும் அறுந்துபோகவில்லையே?"

"அப்பா பொத்தான நல்லா இறுக்கித் தச்சிருந்தாக."

"ஆம் அல்லது இல்லை."

"ஆமா."

"சேறு இல்லை, இரத்தம் இல்லை. வாய்க்காலில் விழுந்தேன் என்கிறாய்; உப்புக்கூட இல்லை. ஊரே குடிக்கிறது, நானும் குடிக்கிறேன். இவ்வளவு தூய்மையான துணியை நான் பார்த்ததில்லை. இதில் என்னம்மா குற்றம் நடந்தது?"

சந்தனமாரியின் பார்வை, சாட்சிகளின் பலகையில் அமர்ந்திருந்த பாக்கியசீலியின்மேல் நின்றது. பணி ஓய்வுக்கு அப்பெண்மணிக்கு நான்கு திங்கள்களே இருந்தன. ஒன்பதாண்டுகளாக அவர் அந்தத் தண்ணீரைத் தொடாததையும், வாய்தா தோறும் வரிசைக்கு அப்பால் தனியே நின்று தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததையும், சந்தனமாரி ஒருத்திதான் அறிவாள்.

பாக்கியசீலி தம்முடைய முறை வந்தபோது கூண்டில் ஏறினார். கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"சட்டைய நான்தான் அலசுனேன், ஐயா. ரெண்டு கொடம் தண்ணியில அலசுனேன். அதுல எல்லாம் இருந்துச்சி. சேறு இருந்துச்சி, ரத்தம் இருந்துச்சி, அவன் கைக் கிரீசு தோள்ல அப்பி இருந்துச்சி. இத்துப் போயிரக்கூடாதேன்னு அலசிட்டேன்."

உண்மை ஒருவழியாக வெளிவந்துவிட்டது என்று எண்ணி, சந்தனமாரி ஒன்பதாண்டுகளில் முதன்முறையாக மூச்சை முழுமையாக விட்டாள்.

ஆனால் அந்த உண்மையே ஜெயபாண்டியை விடுவித்தது. சான்றுப் பொருளைக் காவல்துறையே சிதைத்ததாக அரசுத் தரப்புச் சாட்சி ஒப்புக்கொண்டுள்ளார். ஒன்பதாண்டுகள் மறைத்தவரின் சொல்லை இன்று நம்புவதற்கில்லை. அவ்வாறு நம்பினாலும், சிதைந்த சான்றைக் கொண்டு எவரையும் தண்டிக்க இயலாது. ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிக்கே உரியது என்று பத்தொன்பது பக்கங்களில் தீர்ப்பு எழுதப்பட்டது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இது: 'சான்றுப் பொருள் 1 மதிப்பற்றதாகையால், மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழிக்கப்பட வேண்டும்.'

அன்று மாலைக்குள் ஊர் கொதித்தெழுந்தது. ஒன்பதாண்டுகளில் ஒருமுறையேனும் அவளுக்காக நீதிமன்றப் படியேறாதவர்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளோடு மனு எழுதினார்கள். பெரும் அநீதி என்றார்கள். ஏழைகளின் வயிற்றில் அடிப்பது என்றார்கள். சட்டையை அழிக்கக் கூடாது என்பதே அவர்களுடைய கோரிக்கை. மனுவைத் தூக்கிக்கொண்டு சந்தனமாரியின் வீட்டுக்கும் வந்தார்கள்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போடு, மாரி. ஒன் சட்டையில்லா?"

அவள் மனுவை வாங்கி, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை நிதானமாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஜெயபாண்டியின் பெயரும் இருந்தது. மனுவை மடித்து, வந்தவரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு அரசுக்குச் சென்ற கோப்பு, 'உகந்ததன்று' என்ற ஒற்றைச் சொல்லோடு எண்பத்தெட்டாம் நாள் திரும்பி வந்தது. தொண்ணூறு நாள் காலம் கழிந்த மறுநாள் முற்பகல், நீதிமன்றத்தின் பின்புறத்தில் சட்டையைக் கிடத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தது. சட்டை நனைந்தபடியே கிடந்தது. நெல்லையப்பன் பதிவேட்டைப் பிரித்தார். அதில் இரண்டு கட்டங்களே இருந்தன: 'அழிக்கப்பட்டது', 'ஒப்படைக்கப்பட்டது'. முப்பதாண்டுப் பணியில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டறியாத அவர், வேலியோரம் நின்றிருந்த சந்தனமாரியைக் கையசைத்து அழைத்தார்.

"அப்பா சட்டைதான, தாயி? எடுத்துட்டுப் போ. இங்கன கையெழுத்துப் போடு."

சட்டையைக் கையில் ஏந்தி அவள் வெளியே வந்தபோது, உடைமரத்தடியில் பாக்கியசீலி அமர்ந்திருந்தார். சீருடை இல்லை, தீர்ப்பு வந்த மறுநாளே பணியிடை நீக்கம் செய்திருந்தார்கள். சந்தனமாரி சற்றுநேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் போய் அமர்ந்தாள். சட்டை அவர்கள் இருவருக்கும் இடையில் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும், மாரி. ஒம்பது வருசத்துக்கு முந்திக் கேட்டிருக்கணும்."

"என்னத்த, ஏட்டம்மா?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சி?"

சந்தனமாரி அவருடைய கைகளைப் பார்த்தாள். "எழுதப் போறியளா?"

"பேனா இல்ல, தாயி. சும்மா கேக்கேன்."

அவள் சொன்னாள். வெள்ளன எழுந்து தந்தையின் சட்டையை எடுத்ததையும், கைகளை இரண்டு மடிப்பு மடித்ததையும், தாய் கட்டிக்கொடுத்த பழையசோற்றையும், தெற்குப் பாத்திக்குப் போன பெண்களில் எவள் திரும்பிப் பார்த்தாள் என்பதையும், மோட்டாரின் இரைச்சலையும், கதவையும், கதவுக்குப் பின் நிகழ்ந்த ஒவ்வொன்றையும், ஆம் என்றும் இல்லை என்றும் எவரும் இடைமறிக்காமல், நடந்தது நடந்த வரிசையில் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லச் சட்டையின் கழுத்துப்பட்டை முதலில் உலர்ந்தது. பின்பு தோள்கள் உலர்ந்தன. பின்பு கைகள் உலர்ந்தன. உலர்ந்த இடங்களில் உப்பு வெண்ணிறமாய்ப் பூத்தது. வாய்க்காலின் சேறு விளிம்பில் ஏறியது. இடது தோளில் நான்கு விரல்களும் ஒரு பெருவிரலுமாகக் கிரீசுக் கறை எழுந்தது. கீழ் மடிப்பில் பழுப்பாகிய செம்மை, இரண்டு குடத் தண்ணீர் எதை எங்கிருந்து கழுவிற்றோ அதை அங்கேயே கொண்டுவந்து வைத்ததுபோல, தன் இடத்துக்குத் திரும்பியது. அவள் சொல்லி முடித்தபோது மரநிழல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. சட்டை முறமுறவென்று உலர்ந்திருந்தது.

பாக்கியசீலி நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எழுந்து, அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு, சொத்தறைக்கு ஓடினார்.

நெல்லையப்பன் பார்த்தார், எழுந்து நின்றார், மீண்டும் பார்த்தார். அந்த ஐந்து விரல்களையும், உதடுகள் அசைய, எண்ணினார்.

"வாங்கிக்கிடுங்க, அண்ணாச்சி. ஐயாகிட்ட காட்டுங்க. ஆய்வகத்துக்கு அனுப்புங்க. இப்பக் காஞ்சிருக்குல்லா?" என்றார் பாக்கியசீலி.

நெல்லையப்பன் பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'ஒப்படைக்கப்பட்டது' என்னும் கட்டத்தில் சந்தனமாரியின் கையெழுத்து இருந்தது. அதற்கு வலப்புறம், தாளின் விளிம்பு.

"திரும்ப வாங்குததுக்குக் கட்டம் இல்லியே, தாயி" என்றார் அவர். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மறுநாள் விடிந்தபோது ஈயப் பானை வறண்டு கிடந்தது. செய்தி அறிந்த ஊரார், வெறுங்குடங்களோடு சந்தனமாரியின் வாசலில் வரிசை கட்டினர்.

"கொஞ்சம் நனைச்சுத்தான் பாரேன், மாரி" என்று கெஞ்சினாள், வெள்ளைச் சோறு சமைத்தவள். "ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

கதவு திறந்தது. சந்தனமாரி, சேலைக்கு மேல் தந்தையின் சட்டையை அணிந்து, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, வெளியே வந்தாள். முன்னால் நின்றவள் சட்டையின் தோளைக் கண்டாள். கண்டவுடன் குனிந்து, தன் குடத்தின் வாயைப் பார்த்தாள். அடுத்தவளும் குனிந்தாள். சந்தனமாரி நடக்க நடக்க வரிசை முழுவதும், காற்றில் சாயும் கோரையைப்போல, ஒவ்வொருவராகக் குனிந்தது. அவள் எவரையும் ஒன்றும் கேட்காமல், வரிசையின் கடைசிக் குடத்தையும் கடந்து, உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள்.

இன்றும் அவள் அதை அணிந்துதான் உப்பு வாருகிறாள். நாள்தோறும் அது உப்புநீரில் நனைகிறது. நாள்தோறும் வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. உப்புநீரில் நனைந்த துணியை அலசாமல் விட்டால் விடிவதற்குள் இற்றுப்போகும் என்று வெள்ளாங்கரையில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் அச்சட்டையை ஒருநாளும் அலசியதில்லை. அது இற்றுப்போகவில்லை.